23 சான்றிதழ் இருக்கிறது, இன்டர்வியூவில் எதைச் சொல்வது?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சிம்போசியம், ஒர்க்‌ஷாப், கெஸ்ட் லெக்சர், ஹேக்கத்தான் என்று வாரத்துக்கு இரண்டு போஸ்டராவது வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடுகிறது. இதுவரை 23 சான்றிதழ் சேர்த்துவிட்டேன். ஆனால் எதையும் உருப்படியாகக் கற்றதாகத் தோன்றவில்லை. ஒவ்வொன்றுக்கும் 300, 400 என்று அப்பாவிடம் கேட்கவும் சங்கடமாக இருக்கிறது. அடுத்த ஆண்டு பிளேஸ்மென்ட். எதற்குப் போவது, எதை விடுவது, போனால் அங்கே என்ன செய்வது?

பதில்: தம்பி, முதலில் அந்த 300, 400-ஐ நிறுத்துங்கள். இந்த செமஸ்டர் முடியும்வரை பணம் கட்டிப் போகும் எதற்கும் பெயர் கொடுக்க வேண்டாம். கையில் இருக்கும் 23-இல் ஒன்றையாவது உங்களுடையதாக ஆக்கிக்கொண்டால் போதும், அது எப்படி என்று சொல்கிறேன்.

சில வருடங்களாக கேம்பஸ் இன்டர்வியூ எடுக்கிறேன், கல்லூரிகளுக்குப் பேசவும் போகிறேன், அதனால் மேஜையின் இரண்டு பக்கமும் எனக்குப் பழக்கம். போன வருடம் வந்த ஒரு மாணவரின் ரெஸ்யூமில் 'மெஷின் லேர்னிங், இரண்டு நாள் பயிற்சிப் பட்டறை' என்று இருந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஐரிஸ் பூக்களின் டேட்டாசெட் சார், 96 சதவீதம் அக்யூரசி வந்தது என்றார், அதாவது நூறு பூவில் 96-இன் வகையை அவருடைய நிரல் சரியாகச் சொன்னது. சரி, தவறாகச் சொன்ன அந்த 4 சதவீதம் எந்தப் பூக்கள் என்று கேட்டேன். அவ்வளவுதான், பேச்சு நின்றுவிட்டது. அந்த டேட்டாசெட்டில் மொத்தமே 150 பூக்கள், மூன்று வகை. செட்டோசா எளிதாகத் தனியே பிரிந்துவிடும், வெர்சிகலரும் விர்ஜினிகாவும்தான் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். 1936-லிருந்து உலகமே பாடமாக வைத்திருக்கும் டேட்டா அது. வீட்டுக்குப் போய் இன்னும் அரை மணி நேரம் அதை நோண்டியிருந்தால் அவரே கண்டுபிடித்திருப்பார். அவருக்குத் திறமை இல்லை என்று நான் நினைக்கவில்லை, சான்றிதழ் கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று அவருக்கு யாரோ பழக்கிவிட்டார்கள்.

அதே நாள் வந்த இன்னொரு மாணவியிடம் இருந்தது ஒரே ஒரு நாள் பட்டறை, நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்து வைக்கும் கிட் (Git) என்ற மென்பொருள் பற்றியது. அன்று கற்றதை வைத்து யார் வேண்டுமானாலும் நிரலைப் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய ஒரு திறந்த மூல செயலியின் தமிழ் மொழிபெயர்ப்பில் மூன்று வரிகளைத் திருத்தி அனுப்பியிருக்கிறார், அங்கே இருந்தவர்கள் இரண்டு முறை திருப்பி அனுப்பி, மூன்றாவது முறை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்று கேட்டதும் பத்து நிமிடம் நிற்காமல் பேசினார். மூன்று வரிதான், ஆனால் அவர் செய்தது.

ஆகவே ஒர்க்‌ஷாப் போஸ்டர் வந்தால் நான் பார்க்கச் சொல்வது இரண்டு விஷயம். நடத்துபவர் அந்த வேலையைத் தினமும் செய்பவரா, ஊர் ஊராகப் போய்ப் பட்டறை மட்டும் நடத்துபவரா? பெயரைத் தேடினாலே, நிரல்களை ஏற்றி வைக்கும் கிட்ஹப் தளத்திலோ லிங்க்ட்இன்னிலோ, ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அடுத்தது, மாலையில் வெளியே வரும்போது என் லேப்டாப்பில் என்ன ஓடிக்கொண்டிருக்கும்? இதற்குப் போஸ்டரில் பதில் இல்லை என்றால், போஸ்டரிலேயே இருக்கும் ஒருங்கிணைப்பாளர் எண்ணுக்கு ஒரு மெசேஜ் போட்டுக் கேளுங்கள். ஒரே நாளில் ஏஐ, ஐஓடி, பிளாக்செயின் மூன்றும் என்று போட்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

போவது என்று முடிவானால், வேலை முந்தைய இரவே ஆரம்பிக்க வேண்டும். பட்டறைகள் எங்கே கெடுகின்றன என்று பலமுறை கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். காலை பத்து மணிக்குக் குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடியவே பதினொன்றாகிவிடும், அப்புறம் அறுபது பேரும் ஒரே நேரத்தில் ஒரே வைஃபையில் ஒரு ஜிபி ஃபைலை டவுன்லோட் செய்யத் தொடங்குவார்கள், சாப்பாட்டு நேரம்வரை அந்தப் பச்சைக் கோடு நகரவே நகராது. மதியம், ஏற்கெனவே நிரல் எழுதி ரெடியாக இருக்கும் நோட்புக் ஃபைலைத் திறந்து எல்லாரும் ஷிஃப்டும் என்டரும் அழுத்திக்கொண்டே போவார்கள், நாலரைக்கு ஃபீட்பேக் ஃபார்ம். இதிலிருந்து தப்பிக்க ஒரே வழி, என்னென்ன இன்ஸ்டால் செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு, ஹாஸ்டலிலோ வீட்டிலோ முடித்துக்கொண்டு போவதுதான். அப்படிப் போனால் மற்றவர்கள் காத்திருக்கும் இரண்டு மணி நேரமும் உங்களுக்குச் சொந்தம், நடத்துபவரும் உங்கள் பக்கம் வந்து உட்காருவார். அன்று இரவே அதே நிரலை உங்கள் டேட்டாவைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். வீட்டு மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, ஐந்து வருட ரசீதை எடுத்தால் 30 எண்கள். மெஷின் லேர்னிங்குக்கு இது ரொம்பக் குறைவு, மாடல் தடுமாறும். ஏன் தடுமாறுகிறது என்று நீங்கள் தேடிப் படிப்பதுதான் பட்டறையில் சொல்லித்தராத பாடம்.

கெஸ்ட் லெக்சர் விஷயத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 200 பேர் இருக்கும் செமினார் ஹாலில் முதல் மூன்று வரிசை காலியாக இருக்கும், கேள்வி இருக்கிறதா என்று கேட்டால் யாரும் கை தூக்க மாட்டார்கள், முடிந்து காருக்குப் போகும்போது மட்டும் நாலு பேர் ஓடிவந்து "சார், ஃபியூச்சர்ல எந்த ஃபீல்டு நல்லா இருக்கும்?" என்பார்கள். அதற்கு யாராலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. அதற்குப் பதில் இப்படிக் கேளுங்கள்: உங்கள் டீமில் கடைசியாகச் சேர்ந்த ஃபிரெஷருக்கு முதல் மாதம் என்ன வேலை கொடுத்தீர்கள், அவர் எங்கே திணறினார்? வேலை செய்யும் யாரிடமும் இதற்குப் பதில் இருக்கும், அந்தப் பதிலில்தான் நீங்கள் அடுத்த ஆறு மாதம் என்ன படிக்க வேண்டும் என்பதும் இருக்கும். மற்றவர் எழுதிய பழைய நிரலைப் படிக்கத் திணறினார், டேட்டாபேஸில் இரண்டு அட்டவணைகளை இணைக்கும் எஸ்க்யூஎல் ஜாயின் எழுத வரவில்லை, எரர் மெசேஜைப் படிக்காமலேயே உதவி கேட்டார் என்று இந்த மாதிரிதான் வரும். ஆங்கிலத்தில் கேட்க வாய் வரவில்லை என்றால் தமிழில் கேளுங்கள். பேச வருகிறவர்களில் பாதிப் பேர் உங்களை மாதிரி ஊரிலிருந்து, தமிழ் மீடியத்திலிருந்து போனவர்கள்தான், நானும் அப்படித்தான். தமிழில் ஒரு பையன் எழுந்து கேட்டால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

அன்றிரவே நாலு வரியில் ஒரு மெயில் போடுங்கள். நீங்கள் யார், அவர் சொன்னதில் எதைப் பிடித்துக்கொண்டீர்கள், அதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள், ஒரு மாதம் கழித்து காட்டலாமா. வேலை வாங்கித் தாருங்கள் என்று எழுத வேண்டாம். ஒரு மாதம் கழித்து உண்மையிலேயே செய்து காட்டுகிறவர்களை மறக்க முடியாது, ஏனென்றால் அப்படி வருகிறவர்கள் மிகச் சிலர்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. கம்பெனிகள் கல்லூரியில் ஆள் எடுக்கும் டிரைவுக்கு முன்னால் தங்களைப் பற்றிச் சொல்ல நடத்தும் பிரீ-பிளேஸ்மென்ட் டாக்கைத் தூங்குவதற்கான நேரமாகப் பலர் நினைக்கிறார்கள். வீட்டுக்கு மிக முக்கியமான தகவல்கள் அங்கேதான் கிடைக்கும். ஸ்லைடில் ஆண்டுக்கு 4.5 லட்சம் என்று இருக்கும். அதை 12-ஆல் வகுத்து மாதம் 37,500 கைக்கு வரும் என்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். சிடிசி என்றால் உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு, அதனால் பொதுவாக அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதமாக நிறுவனம் கட்டும் பிஎஃப் பங்கு, பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) ஒதுக்குவது, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம், வருடக் கடைசியில் வந்தாலும் வரும் வராவிட்டாலும் இல்லை என்கிற வேரியபிள் பே எல்லாம் அந்த 4.5-க்குள்ளேயே அடங்கியிருக்கும். உங்கள் பங்கு பிஎஃப் வேறு மாதாமாதம் பிடித்தம் ஆகும். நிரந்தர வேலையில் பணிக்கொடை கைக்கு வர வழக்கமாக 5 ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். ஆகவே எழுந்து மரியாதையாகக் கேட்க வேண்டியது: ஃபிக்சட் எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு, மாதம் கைக்கு எவ்வளவு?

அதோடு இன்னும் சில. சர்வீஸ் அக்ரிமென்ட் உண்டா, எத்தனை வருடம், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும்? அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வீர்களா? பயிற்சித் தேர்வில் தவறினால் என்ன ஆகும்? ஆஃபர் லெட்டருக்கும் சேரும் தேதிக்கும் எவ்வளவு இடைவெளி, போன வருடம் தேர்வானவர்கள் எல்லாரும் சேர்ந்துவிட்டார்களா? கடைசிக் கேள்விக்கு மேடையில் சரியான பதில் கிடைக்காது, போன வருட சீனியருக்குப் போன் போடுங்கள். இப்படிக் கேட்டால் பெயர் கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம், ஒழுங்கான ஹெச்ஆர் இந்தக் கேள்விகளுக்குத் தயாராகத்தான் வருவார். இதற்கு நேர் எதிராக, வேலைக்கோ இன்டர்ன்ஷிப்புக்கோ உங்களிடமே பணம் கட்டச் சொல்லும் 'கரியர் எக்ஸ்போ' எதுவாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

காசில்லாமல் கற்க இடம் இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் பயன்படுத்துபவர்கள் சென்னையில் 1998 முதல் நடத்தும் பயனர் குழு ஐ.எல்.யூ.ஜி.சி, பைதான் நிரல்மொழி ஆட்கள் மாதம் ஒருமுறை கூடும் சென்னைபை, விழுப்புரத்தில் கிராமப்புற மாணவர்களை மனதில் வைத்தே நடக்கும் லினக்ஸ் பயனர் குழு, இவற்றின் கூட்டங்களுக்கு யாரும் கட்டணம் கேட்பதில்லை, சான்றிதழும் தருவதில்லை, அதனாலேயே வருகிறவர்கள் விஷயத்துக்காக வருகிறார்கள். திண்டுக்கல்லிலிருந்து மாதாமாதம் சென்னைக்கு ஏன் அலைய வேண்டும், இணையத்தில் நடக்கும் கூட்டங்களில் சேருங்கள், இரண்டு மூன்று முறை சும்மா கேட்டுவிட்டு நாலாவது முறை பத்து நிமிடம் நீங்களே பேசுங்கள். ஐஐடிகள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடங்களுக்கும் பணம் இல்லை, தேர்வு எழுதினால் மட்டும்தான். அந்தச் சான்றிதழை நான் மதிக்கிறேன், மையத்துக்குப் போய் உட்கார்ந்து எழுதிய தேர்வுக்கு 75 சதவீதமும் வாராந்திர அசைன்மென்டுக்கு 25 சதவீதமும் எடைபோட்டுத் தருவது அது. அரசின் 'நான் முதல்வன்' பயிற்சிகளை உங்கள் கல்லூரி எந்த அளவுக்கு நடத்துகிறது என்று துறையில் விசாரியுங்கள்.

ஹேக்கத்தான் என்றால் மத்திய அரசு நடத்தும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானுக்கு ஒருமுறை முயலலாம், 2017-லிருந்து நடக்கிறது, ஆறு பேர் குழு, குறைந்தது ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும், முதல் சுற்று உங்கள் கல்லூரிக்குள்ளேயே. தேர்வாகாவிட்டாலும் அமைச்சகங்களும் துறைகளும் கொடுக்கும் அந்தப் பிரச்சினைகளை எடுத்து ஃபைனல் இயர் புராஜெக்ட் ஆக்கலாம், கடையில் வாங்கும் புராஜெக்டை விட ஆயிரம் மடங்கு மேல். சிம்போசியத்துக்குப் போவதை விட, உங்கள் துறை நடத்தும் சிம்போசியத்தின் குழுவில் சேருங்கள். பேச்சாளருக்கு மெயில் எழுதுவது, பதிவுக்கு ஒரு சின்ன வெப்சைட் கட்டுவது, அது காலை ஒன்பது மணிக்குப் படுத்துக்கொண்டால் ஓடிப்போய் எழுப்புவது, இதெல்லாம் இன்டர்வியூவில் சொல்லக்கூடிய கதைகள்.

நிகழ்ச்சிக்குப் போகும் நாளுக்கு வாங்கும் ஓடி (ஆன் டியூட்டி) அனுமதியின் கணக்கையும் மறந்துவிடாதீர்கள். 75 சதவீத வருகைப்பதிவு பக்கத்தில் வந்து நின்றுகொண்டு ஹெச்ஓடி அறை வாசலில் காத்திருப்பது வேண்டாம், செமஸ்டருக்கு இரண்டு நிகழ்ச்சி, அதற்கு மேல் போகாதீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த 23 சான்றிதழையும் தரையில் பரப்பி வைத்து, எதைப் பற்றி ஐந்து நிமிடம் பேச முடியும் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்றிரண்டு தேறும். அதில் ஒன்றை எடுத்து, அன்று பாதியில் விட்ட நிரலை இந்த மாதத்துக்குள் முடித்து கிட்ஹப்பில் ஏற்றுங்கள், அதன் அறிமுகக் குறிப்பான ரீட்மீ ஃபைலில் எங்கே மாட்டிக்கொண்டீர்கள், எப்படி வெளியே வந்தீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள். முடிந்ததும் இணைப்பை எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்துவிட்டு இன்டர்வியூவில் நான் என்ன கேட்பேனோ அதை அப்படியே எழுதி அனுப்புகிறேன்.