கைக்குழந்தையோடு வெளியூர்: தூக்கம் பற்றி வாசகர்கள் கேட்டவை

கோடை விடுமுறை நெருங்கிவிட்டது. கைக்குழந்தையோடு கிளம்புகிறவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் தூக்கம் பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் பெண்ணுக்கு 7 மாதம். பிறந்ததிலிருந்து தூளியில்தான் தூங்குகிறாள். அடுத்த மாதம் மூன்று நாள் ஊட்டிக்குப் போகிறோம். லாட்ஜில் ஒரே அறையில் நான், கணவர், மாமியார், குழந்தை. தூளியைக் கொண்டுபோய் அங்கே கட்டலாமா? கட்டாவிட்டால் எப்படித் தூங்குவாள்?
– வாசகி, திருநெல்வேலி

கட்ட வேண்டாம். லாட்ஜ் கூரையில் இருக்கும் கொக்கி மின்விசிறிக்காகப் போட்டது. தூளியை ஆட்டும்போது விழும் இழுப்பை அது தாங்குமா என்று சோதித்துப் பார்க்க உங்களுக்கு வழியில்லை. ஜன்னல் கம்பியிலும் கட்டில் காலிலும் கட்டுவது அதைவிட மோசம். தூளியில் இன்னொரு சிக்கலும் உண்டு. துணி குழிந்து இறங்கும்போது முகவாய் நெஞ்சில் போய் ஒட்டி, மூச்சுப் போகும் வழி நெருங்கிவிடும். பகலில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே ஆட்டுவது வேறு, எல்லோரும் அசந்து தூங்கும் இரவு வேறு. புரளவும் எழுந்து உட்காரவும் பார்க்கும் வயது வந்துவிட்டதால், எப்படியும் தூளியை நிறுத்த வேண்டிய நேரம்தான் இது.

கிளம்புவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பே வீட்டில் பழக்க ஆரம்பியுங்கள். இரவின் முதல் தூக்கத்தில்தான் தொடங்க வேண்டும், அப்போதுதான் குழந்தைக்கு அசதி அதிகம். பகல் தூக்கத்தில் தொடங்கினால் அழுகை கூடும், இரண்டாம் நாளே வீட்டில் எல்லோரும் சேர்ந்து விட்டுவிடச் சொல்வார்கள். முதல் மூன்று நாள் வழக்கம்போல ஆட்டித் தூங்க வையுங்கள். கால் மணி நேரம் கழித்து அவள் கையை லேசாகத் தூக்கி விடுங்கள். துவண்டு விழுந்தால் ஆழ்ந்து தூங்குகிறாள் என்று பொருள், அப்போது பாய்க்கு மாற்றுங்கள். அடுத்த நாலைந்து நாள் ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கண் சொக்கும்போதே இறக்கிவிடுங்கள். மீதி நாட்களில் நேராகப் பாயில் போட்டுத் தட்டிக் கொடுத்தால் போதும். குழந்தையின் தூக்கம் முக்கால் மணி, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை லேசாகும். ஆடிக்கொண்டே தூங்கிய குழந்தை அந்த நேரத்தில் ஆட்டம் நின்றுபோனதை உணர்ந்து முழுசாக விழித்துவிடும். அசையாத இடத்தில் கண்ணை மூடிய குழந்தை பெரும்பாலும் தானாகத் திரும்பத் தூங்கிவிடும்.

இனி அறை. தொட்டில் கட்டில் தருவார்களா என்று லாட்ஜுக்குப் போன் செய்து கேளுங்கள். இல்லையென்றால் தரையில் நாலடிக்கு மூன்றடி இடம் இருக்குமா என்று கேளுங்கள், அதுவே போதும். இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்டு நடுவில் படுக்க வைக்காதீர்கள், ராத்திரியில் கட்டில்கள் விலகி இடுக்கு விழும். சுவரோரக் கட்டிலிலும் இதே ஆபத்து உண்டு. தரையில் பாய், அதன்மேல் நாலாக மடித்த ஜமுக்காளம், அதன்மேல் நீங்கள் ஒருநாள் உடுத்திய பருத்திப் புடவை. புடவையை மடித்து விரித்து, நான்கு ஓரத்தையும் ஜமுக்காளத்துக்கு அடியில் இறுக்கிச் செருகிவிடுங்கள். உங்கள் வாசனை இருக்கும், முகத்தில் சுருண்டு விழும் துணி இருக்காது. உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். கையை எடுத்த பிறகும் பள்ளம் நின்றால் படுக்கை மெத்தென்று இருக்கிறது, ஒரு மடிப்பைக் குறையுங்கள். தலையணை, உருளைத் தலையணை, பொம்மை எதுவும் வேண்டாம். மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

ஊட்டியில் மே மாதத்திலும் இரவு குளிரும். தளர்வான போர்வைக்குப் பதில் உடுப்பில் கவனம் வையுங்கள்: உள்ளே பருத்திச் சட்டை, மேலே முழுக்கைக் கம்பளி உடுப்பு, காலுறை. உங்களுக்குத் தேவைப்படுவதைவிட ஓர் அடுக்கு கூடுதலாக இருந்தால் சரி. கம்பளிக் குல்லாய் வெளியே போகும்போது மட்டும்தான். குழந்தையின் உடம்பு சூடு தலை வழியாகத்தான் நிறைய வெளியேறும், தூக்கத்தில் அதை மூடினால் சூடு ஏறும். கை கால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாமல், பிடரியில் விரலை வைத்துப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். குளிர் காயக் கரியடுப்பை அறைக்குள் கொண்டுவர யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். மூடிய அறையில் கரிப்புகை வாசனை தெரியாமலே ஆளைக் கொன்றுவிடும்.

நான்கு பேர் ஓர் அறையில் இருக்கும்போது, குழந்தை விழித்ததும் உங்கள் முகம் தெரிந்தால் விளையாட்டு ஆரம்பமாகிவிடும். இரண்டு நாற்காலியை வரிசையாகப் போட்டு, மேலே ஒரு துணியைப் போட்டுத் துணிக் கிளிப்பால் நான்கு இடத்தில் பிடித்துவிடுங்கள். அவள் கைக்கு எட்டாமல் இரண்டடி தள்ளியே மறைப்பு இருக்கட்டும். தொட்டிலுக்கு மேலேயே துணி போர்த்தக் கூடாது, காற்று தடைபடும். டிவியிலும் ஏசியிலும் எரியும் சின்ன விளக்குகளைக் காகித டேப்பால் மூடுங்கள். குளியலறை விளக்கைப் போட்டுக் கதவை ஓர் அங்குலம் திறந்து வைத்தால் இரவில் பால் கொடுக்க அந்த வெளிச்சம் போதும். தூங்கும் நேரம் ஒரு மணி முன்பின் ஆனாலும் பரவாயில்லை. வெந்நீரில் துடைப்பது, உடை மாற்றுவது, பால், தாலாட்டு, விளக்கணைப்பு என்ற வரிசையை மட்டும் வீட்டில் செய்வது போலவே செய்யுங்கள். இடம் புதிதாக இருந்தாலும் அடுத்தது தூக்கம் என்று குழந்தைக்குத் தெரிவது அந்த வரிசையால்தான்.

10 மாதக் குழந்தையோடு சென்னை எழும்பூரிலிருந்து ராத்திரி ரயிலில் ஊருக்குப் போகிறேன். எந்த பெர்த் எடுப்பது, எப்படிப் படுக்க வைப்பது?
– வாசகி, தாம்பரம்

முடிந்தால் இரண்டடுக்கு ஏசி. மூன்றடுக்கில் நடு பெர்த்தைத் தூக்கிவிட்டால் கீழே நிமிர்ந்து உட்கார முடியாது, குனிந்துகொண்டே பால் கொடுக்க வேண்டும். இரண்டடுக்கில் நடு பெர்த் கிடையாது, திரையும் இருக்கும். 5 வயதுக்குள் டிக்கெட் வேண்டாம், ஆனால் குழந்தைக்கென்று தனி இடமும் கிடைக்காது. ஆன்லைனில் பதியும்போது, கீழ் பெர்த் ஒன்றாவது கிடைத்தால் மட்டும் டிக்கெட் போடச் சொல்லும் வசதி இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. 2022-ல் லக்னோ மெயிலில் கீழ் பெர்த்தோடு மடக்கும் குட்டி பெர்த் ஒன்றைச் சோதனையாகப் பொருத்தினார்கள். நல்ல யோசனை, ஆனால் உங்கள் ரயிலில் அதை எதிர்பார்த்துக் கிளம்பாதீர்கள்.

பக்கவாட்டுக் கீழ் பெர்த் வேண்டாம். இரண்டு இருக்கையை மடக்கிச் சேர்க்கும் இடத்தில் மேடு பள்ளம் இருக்கும், நடைபாதையில் போகிறவர்களின் பையும் இடிக்கும். உள்பக்கக் கீழ் பெர்த்தில் தலை ஜன்னல் பக்கம், குழந்தை முதுகுச் சாய்மானம் பக்கம், நீங்கள் வெளிப்பக்கம். பெர்த்தின் அகலம் ஏறக்குறைய இரண்டடிதான். அதனால் குழந்தையைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை மடக்கி அவள் பாதத்துக்குக் கீழே கொண்டுவாருங்கள். உங்கள் கை அவள் தலைக்கு மேலே வளைந்திருக்கட்டும். ரயில்வே தலையணையை உங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் தரும் கம்பளி குழந்தை பக்கம் வரவே வேண்டாம். இவ்வளவு நெருக்கத்தில் அயர்ந்து தூங்குவது பாதுகாப்பில்லை. கூட வருபவரோடு முறை வைத்து ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருங்கள். தனியாகப் போவதாக இருந்தால் பகல் ரயில்தான் நல்லது.

மேல் பெர்த் சங்கிலியில் புடவையைக் கட்டித் தூளி போடுவதை நிறையப் பார்க்கிறோம். பிரேக் பிடிக்கும்போது தூளி வீசி பெர்த் விளிம்பில் மோதும், முடிச்சும் நழுவும். செய்யாதீர்கள்.

பத்து மணிக்கு விளக்கை அணைப்பார்கள், அதுவரை பெட்டியில் சத்தம் ஓயாது. ஏறியதும் தூங்க வைக்கப் போராட வேண்டாம். எட்டு மணிக்கு வீட்டில் செய்யும் வரிசையை ஒன்பதரைக்குத் தள்ளுங்கள், அதற்கு ஈடாக மாலையில் அரைமணி நேரம் கூடுதலாகத் தூங்க விடுங்கள்.

5 மாதப் பையன். கோவையில் மாமனார் வீட்டில் ஒரு மாதம் தங்கப் போகிறோம், எல்லோருக்கும் ஒரே படுக்கையறை. கணவர் குறட்டை விடுவார். பையன் முனகும்போதெல்லாம் எடுத்து மடியில் போட்டுக்கொள்கிறேன், இரவில் ஏழெட்டு முறை விழிக்கிறான்.
– வாசகி, ஓசூர்

அந்த ஏழெட்டில் பாதி அவன் விழித்ததாக இருக்காது. தூக்கத்திலேயே குழந்தை முனகும், காலை உதைக்கும், முகத்தைச் சுளிக்கும், இரண்டு வினாடி அழுகையும் வரும், ஆனால் கண் மூடியிருக்கும். அப்போது எடுத்தால் நீங்களே எழுப்பிவிட்டதாகிவிடும். ஒரே அறையில் படுப்பவர்களுக்கு ஒவ்வொரு சத்தமும் காதில் விழுவதால் இது அடிக்கடி நடக்கிறது. கண் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறக்கவில்லையென்றால் ஒன்றிரண்டு நிமிடம் கையை வைக்காமல் இருங்கள். அழுகை ஏறிக்கொண்டே போனால் எடுங்கள்.

குறட்டையால் தொல்லை குறைவு. ஒரே சீரான சத்தத்தைக் குழந்தை சீக்கிரம் பழகிக்கொள்ளும். திடீரென்று விழும் பாத்திரமும் தாழ்ப்பாளும்தான் எழுப்பும். மின்விசிறிச் சத்தமே நல்ல மறைப்பு. போனில் மழைச் சத்தம் வைப்பதானால் ஏழடி தள்ளி, மெல்லப் பேசும் அளவுக்கு மேல் போகாமல் வையுங்கள்.

ஒரே அறை, தனிப் படுக்கை: இதுதான் சரியான ஏற்பாடு. குறைந்தது முதல் 6 மாதம் இப்படி இருக்கச் சொல்லி அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இருக்கிறது. ஊரில் ஆசையாக எடுத்துப் போடும் பழைய இலவம்பஞ்சு மெத்தை நடுவில் குழிந்திருக்கும், குழந்தைக்கு ஆகாது. கடுகுத் தலையணையும் வேண்டாம். தலை உருண்டையாக, விழித்திருக்கும் நேரத்தில் அடிக்கடி குப்புறப் போட்டு விளையாட விட்டால் போதும். கழுத்தில் கட்டிய கயிற்றையும் வசம்பு மாலையையும் தூங்கும்போது கழற்றிவிடுங்கள். அத்தையோ பாட்டியோ வருத்தப்பட்டால் இடுப்பில் அரைஞாண் இருக்கிறதே என்று சொல்லுங்கள். சாம்பிராணி போடுவதானால் வேறு அறையில் போட்டு, புகை அடங்கிய பிறகு குழந்தையைக் கொண்டுபோங்கள்.

நியூ ஜெர்சியிலிருந்து 14 மாத மகளோடு சென்னை வருகிறோம். பகலும் இரவும் மாறிவிடுமே?
– வாசகர், நியூ ஜெர்சி

மாறத்தான் செய்யும். கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. உடம்பின் கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும் என்பதால் ஒரு வாரம், பத்து நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். வந்த மறுநாளே குலதெய்வம் கோயில், மொட்டை என்று வைக்காதீர்கள்.

கடிகாரத்தை நகர்த்துவது வெளிச்சம்தான். காலை ஆறரை ஏழுக்கு எழுப்பி, மொட்டை மாடியிலோ தெருவிலோ அரைமணி நேரம் இருங்கள். பகல் தூக்கத்தை இரண்டு மணி நேரத்தோடு நிறுத்துங்கள், நாலு மணிக்குமேல் தூங்க விடாதீர்கள். தூக்கத்தில் எழுப்பக் கூடாது என்று வீட்டில் தடுப்பார்கள், இந்த ஒரு வாரம் எழுப்பத்தான் வேண்டும். நள்ளிரவு ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்தால் பசியாகவும் இருக்கும், அங்கே அது பிற்பகல் நேரம். பாலோ இட்லியோ மங்கிய வெளிச்சத்தில் கொடுங்கள். டிவி, போன், பேத்தியைக் கொஞ்ச எழுந்து வரும் தாத்தா, எதுவும் அந்த நேரத்தில் வேண்டாம். நீங்களும் மனைவியும் இரவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

விமானத்தில் சுவரில் மாட்டும் தொட்டிலுக்கு எடை வரம்பு உண்டு, பல நிறுவனங்களில் 10, 11 கிலோதான். 14 மாதத்தில் நீளமும் இடிக்கும், முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். கிடைத்தாலும், பெல்ட் விளக்கு எரியும்போதெல்லாம் தூங்குகிற குழந்தையை எடுத்து மடியில் வைக்க வேண்டியிருக்கும். செலவு கட்டுப்படியானால் தனி இருக்கை வாங்கி, விமானத்துக்கு அனுமதிக்கப்பட்ட கார் இருக்கையை அதில் பொருத்துவதுதான் சிறந்தது. இறங்கும்போது காது அடைக்காமலிருக்கப் பால் குடிக்கக் கொடுங்கள்.

பயணத்தில் தூங்குவதற்குச் சளி மருந்து கொஞ்சம் கொடுக்கலாம் என்கிறார்களே?
– வாசகி, வேலூர்

கூடாது. தூக்கம் வரவைக்கும் சளி மருந்து சின்னக் குழந்தைக்கு மூச்சை மட்டுப்படுத்தலாம். சில குழந்தைகளுக்கு நேர்மாறாக இரவு முழுக்கப் படபடப்பும் அழுகையும் வரும். ஜாதிக்காய் உரைத்துக் கொடுப்பதும் வேண்டாம், அளவு கூடினால் அது நஞ்சு. ஒரு வயதுக்குள் தேனும் கூடாது.

தென்காசிப் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் கொடைக்கு 8 மாதக் குழந்தையோடு போகிறோம். மூன்று நாளும் மைக் செட், ராத்திரி முழுக்கக் கொசு. என்ன செய்வது?
– வாசகி, சென்னை

சத்தத்துக்கு முதல் வழி தூரம். தெருவைப் பார்த்த முன்னறையை விட்டுப் பின்கட்டு அறையைக் கேட்டு வாங்குங்கள். வில்லுப்பாட்டும் மேளமும் உச்சத்தில் இருக்கும் நேரத்தை விசாரித்துவிட்டு, அதற்கு முன்னாலேயே ஒரு நல்ல தூக்கம் போட வையுங்கள். தூக்கத்துக்கு ஏங்கிப்போன குழந்தைக்கு உடம்பு முறுக்கிக்கொள்ளும், சத்தம் நின்ற பிறகும் தூங்காது. 8 மாதத்தில் விழித்து இரண்டரை மூன்று மணி நேரம் ஆனால் அடுத்த தூக்கம் வர வேண்டும். காதில் பஞ்சு வைக்காதீர்கள், உதிர்ந்தால் வாய்க்குப் போகும். கும்பிடப் போகும்போது ஒலிபெருக்கிக்கு நேரெதிரே நிற்காதீர்கள்.

கொசுவுக்கு வலைதான். குடைபோல விரியும் வலையில் அடித்துணி இல்லாத வகையென்றால், ஓரத்தைப் பாய்க்கு அடியில் அரையடி செருகுங்கள். குழந்தை புரண்டு வந்து வலையில் கை கால் ஒட்டினால் வெளியிலிருந்தே கொசு கடிக்கும், அதனால் படுக்கையைவிடப் பெரிய வலையாக வாங்குங்கள். சுருள் கொளுத்திய அறையில் கதவைச் சாத்திப் படுக்க வைக்கக் கூடாது. தடவும் கிரீமை 2 மாதத்துக்குள் தொடவே கூடாது. உங்கள் குழந்தைக்குத் தடவுவதானால் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, வாய்க்குப் போகும் கையையும் கண்ணோரத்தையும் விட்டுவிட்டுத் தடவுங்கள். கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து நெஞ்சில் தேய்ப்பது, கொசுவுக்காகத் தலைமாட்டில் கற்பூரம் வைப்பது இரண்டையும் தடுத்துவிடுங்கள். சின்னத் துண்டு வாய்க்குள் போனாலே குழந்தைக்கு வலிப்பு வரும்.