விசா எப்போது வரும்? வாசகர் கேள்வி பதில்

ஆஸ்திரேலிய விசா பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் சொன்னதுதான் தாமதம், கடிதங்கள் குவிந்துவிட்டன. முக்கால்வாசிப் பேருக்கு ஒரே கவலை: போட்டாச்சு, எப்போது வரும்? சிட்னியில் பல வருடம் பதிவு பெற்ற குடிவரவு முகவராக இருந்துவிட்டுப் பதிவை விட்டவள் நான். இப்போது யாருக்கும் ஃபைல் போடுவதில்லை, ஆகவே இங்கே சொல்வதில் வியாபாரம் இல்லை. இது பொதுத் தகவல்தான். உங்கள் சொந்த ஃபைலுக்கு, பதிவு எண் உள்ள முகவரையோ வழக்கறிஞரையோ பாருங்கள்.

நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர். 189 விசாவுக்கு (ஸ்பான்சர் இல்லாமல், புள்ளிக் கணக்கில் தரும் நிரந்தரத் திறன் விசா) விண்ணப்பித்து ஒரு வருடம் ஆகப்போகிறது. எனக்குப் பிறகு விண்ணப்பித்த நர்ஸ் தோழிக்கு வந்துவிட்டது. இணையதளத்தில் காட்டும் காலம் சென்ற மாதம் குறைந்தது, இந்த மாதம் கூடியிருக்கிறது. என் ஃபைல் எங்காவது தொலைந்துவிட்டதா? அடுத்த மாதம் எனக்கு 45 வயது. அதுவும் பயமாக இருக்கிறது. (வாசகி, பெங்களூரு)

தொலையவில்லை. முதலில் வயதுப் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். 189-க்கு வயது பார்ப்பது, விண்ணப்பிக்கலாம் என்று அழைப்பு வந்த நாளில். அன்றைக்கு உங்களுக்கு 45 ஆகவில்லை, அவ்வளவு போதும். அதற்குப் பிறகு எத்தனை பிறந்தநாள் வந்தாலும் புள்ளி குறையாது.

அடுத்தது அந்த எண். உள்துறைத் திணைக்களம் இரண்டு அளவுகளை வெளியிடுகிறது: பாதி விண்ணப்பங்கள் எவ்வளவு காலத்தில் முடிந்தன, 90 சதவீதம் எவ்வளவு காலத்தில் முடிந்தன. அண்மையில் முடிவான ஃபைல்களை வைத்துப் போட்ட கணக்கு அது. இன்னும் முடியாமல் கிடக்கும் உங்கள் ஃபைல் அதில் சேரவே இல்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதிகாரிகள் பழைய ஃபைல்களை இழுத்துப் போட்டு முடிக்கும் மாதத்தில் எண் எகிறும். பழையதைத் தொடாமல் புதிதாக வந்தவற்றை முடித்துத் தள்ளினால் இறங்கும். அப்படிப் பார்த்தால், எண் கூடிய மாதம் உங்களைப் போல நெடுநாள் காத்திருப்பவர்களுக்கு நல்ல மாதமாகக்கூட இருக்கலாம். மாதாமாதம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒப்பிட வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை.

தோழி முந்தியதற்குக் காரணம் வேறு. திறன் விசாக்களை வந்த வரிசையில் எடுப்பதில்லை. எதை முதலில் எடுக்க வேண்டும் என்று அமைச்சர் எழுத்துப்பூர்வமாக உத்தரவிடுவார், அதிகாரிகள் அதன்படிதான் நடக்க வேண்டும். 2022 அக்டோபரில் வந்த உத்தரவு மருத்துவம், ஆசிரியப் பணி சார்ந்த தொழில்களை முன்னால் வைத்தது. 2023 டிசம்பரில் வந்தது, பிராந்தியப் பகுதி நிறுவனங்கள் ஸ்பான்சர் செய்பவர்களை அதற்கும் மேலே ஏற்றியது. எந்தச் சலுகையும் இல்லாத 189-இல் ஐ.டி.க்காரர் எங்கே நிற்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் இட வரம்பு வேறு. 2025-26-க்கு மொத்த நிரந்தரக் குடியேற்ற இடங்கள் 1,85,000. அது பல பிரிவுகளாகப் பிரிகிறது. உங்கள் பிரிவில் இடம் தீர்ந்துபோனால், எல்லாச் சோதனையும் முடிந்த ஃபைலும் ஜூலை 1-ஆம் தேதி புது ஆண்டு பிறக்கும்வரை அப்படியே இருக்கும்.

இன்னொன்று. ஸ்கில்ஸ் அசெஸ்மென்ட் (தொழில்திறன் மதிப்பீடு), ஆங்கிலத் தேர்வு, இ.ஓ.ஐ. (விருப்ப மனு) போட்டுவிட்டு அழைப்புக்குக் காத்திருந்தது எதுவும் அந்த எண்ணில் சேராது. விண்ணப்பம் கொடுத்த நாளில் இருந்துதான் கணக்கு. ஊரில் "மொத்தமே ஒரு வருடம்தான்" என்று யாராவது சொன்னால், எந்த நாளில் இருந்து எண்ணுகிறார் என்று கேளுங்கள்.

மருத்துவப் பரிசோதனையும் போலீஸ் சான்றிதழும் பொதுவாக 12 மாதம் செல்லும். கெடு முடிகிறதே என்று நீங்களாக மறுபடி எடுக்க வேண்டாம். தேவைப்பட்டால் அவர்களே கேட்பார்கள். ஆனால் வீட்டில் குழந்தை பிறந்தாலோ, பாஸ்போர்ட் மாறினாலோ உடனே இமிஅக்கவுண்டில் (விண்ணப்பம் போட்ட இணையக் கணக்கு) தெரிவியுங்கள். கிராண்ட் (விசா ஒப்புதல்) வந்த பிறகு குழந்தையைச் சேர்க்க முடியாது, அதற்குத் தனி விசா, தனிக் கட்டணம்.

அம்மாவுக்கு 68 வயது, கோயம்புத்தூரில் தனியாக இருக்கிறார். நானும் அண்ணனும்தான் பிள்ளைகள். அண்ணன் இருப்பது சென்னையில். காசு கட்டும் 143 விசாவை (பெரிய தொகை கட்டிப் பெறும் நிரந்தரப் பெற்றோர் விசா) போட்டால் நான்கைந்து வருடத்தில் வந்துவிடும் என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா? (வாசகர், டான்டினாங்)

நம்பாதீர்கள். அந்த ஏஜென்ட் பழைய காலத்தில் இருக்கிறார், அல்லது உங்கள் கட்டணம் அவருக்குத் தேவைப்படுகிறது. புதிதாகப் போடும் 143-க்கு ஏறக்குறைய 14 வருடம் என்றும், காசு அதிகம் கட்டாத 103-க்கு 30 வருடம் தாண்டும் என்றும் திணைக்களமே வெளியிட்டிருக்கிறது. 68 வயது அம்மாவுக்கு 30 வருடம் என்று ஓர் அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது. 2023-இல் குடிவரவு முறையை ஆராய்ந்த குழு, அநேகமாக வரவே வராத ஒரு விசாவுக்கு மனுப் போட விடுவது கொடுமை, தேவையும் அற்றது என்று அறிக்கையில் எழுதியது. எழுதியதோடு சரி.

அதிகாரிகளின் சோம்பேறித்தனம் இல்லை இது. ஆண்டுக்கு இத்தனை பெற்றோர் விசாதான் என்று வரம்பு வைக்கச் சட்டம் இடம் தருகிறது. அண்மை ஆண்டுகளில் அந்த வரம்பு 8,500, அதில் பெரும்பங்கு காசு கட்டும் வகைக்கு. வரிசையிலோ ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். வகுத்துப் பார்த்தால் விடை வந்துவிடும். எவ்வளவு சுத்தமான ஃபைலாக இருந்தாலும், யார் போட்டுக் கொடுத்தாலும் இந்த வகுத்தல் மாறாது. தலைக்கு 43,600 டாலர் என்கிற பெரிய தொகையைக் கடைசியில்தான் கேட்பார்கள், இப்போதே யாரிடமும் கட்டிவிடாதீர்கள்.

உங்கள் வீட்டில் ஒரு நல்ல சேதி இருக்கிறது. பிள்ளைகளில் பாதிப் பேராவது ஆஸ்திரேலியாவில் இருக்க வேண்டும், அல்லது வேறு எந்த ஒரு நாட்டையும்விட இங்கே அதிகம் பேர் இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டில் ஒருவர் என்பதால் நீங்கள் தேறிவிடுகிறீர்கள். ஒருவர் இங்கே, ஒருவர் கனடாவில், ஒருவர் இந்தியாவில் என்று மூவராக இருந்தால் தேற மாட்டார்கள். இது தெரியாமல் விண்ணப்பக் கட்டணத்தைத் தொலைத்த குடும்பங்கள் என்னிடம் வந்ததுண்டு.

அப்புறம் என்னதான் செய்வது? அம்மா சீக்கிரம் உங்களோடு இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் 870 தற்காலிகப் பெற்றோர் விசாவைப் பாருங்கள். முதலில் உங்கள் ஸ்பான்சர்ஷிப்புக்கு ஒப்புதல், பிறகு அம்மாவின் விண்ணப்பம். மூன்று அல்லது ஐந்து வருடமாக எடுக்கலாம், மொத்தம் பத்து வருடத்துக்கு மேல் கிடையாது. பிள்ளைக் கணக்கு இதற்குக் கிடையாது. ஐந்து வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆகும், தனியார் மருத்துவக் காப்பீடும் எடுக்க வேண்டும், பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கிடைக்காது. இல்லையா, 143 போட்டு வரிசைத் தேதியை வாங்கிக்கொண்டு விசிட்டர் விசாவில் வந்து போகட்டும். வரிசையில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு முறைக்கு 12 மாதம்வரை தங்கும்படி, சில வருடம் செல்லுபடியாகும் விசிட்டர் விசா தருவதுண்டு. என்னைக் கேட்டால், அம்மாவின் உடல்நிலையையும் ஊரை விட்டு வர அவருக்கு மனம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுத்தான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். வர மனம் இருக்கிறதா என்று பல பிள்ளைகள் கேட்பதே இல்லை.

அக்கா, கலியாணம் முடிந்து எட்டு மாதம். அவர் சிட்னியில் இருக்கிறார், சிட்டிசன். 309 (வெளிநாட்டில் இருந்து போடும் வாழ்க்கைத் துணை விசா) போட்டு ஆறு மாதம் ஆகிறது. பெற்றோர் விசா மாதிரி எங்களுக்கும் வருடக்கணக்கில் இழுபடுமா? இடையில் விசிட் விசாவில் போய்ப் பார்க்கலாமா? (வாசகி, யாழ்ப்பாணம்)

அப்படி இழுபடாது தங்கச்சி. கணவன், மனைவி, பிள்ளை விசாக்களுக்கு அப்படி வரம்பு வைக்க 1958-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் விடாது. ஆண்டுக்கு 40,500 வாழ்க்கைத் துணை விசா என்பது உத்தேசக் கணக்குத்தான். ஆகவே உங்கள் ஃபைல் எவ்வளவு முழுமையாக இருக்கிறது என்பதற்கு இங்கே உண்மையிலேயே மதிப்பு உண்டு.

நம் ஆட்களின் ஃபைலில் தாலி கட்டும் படம் நூறு இருக்கும், ரிசெப்ஷன் படம் நூறு இருக்கும். அதிகாரி பார்ப்பது வேறு: பணத் தொடர்பு, வீட்டு வாழ்க்கை, ஊரும் உறவும் உங்களைத் தம்பதியாக ஏற்றிருக்கிறார்களா, ஒருவருக்கொருவர் எவ்வளவு உறுதி. பேசிச் செய்த கலியாணத்தில் சேர்ந்து வீடு எடுத்த ஒப்பந்தம் இருக்காது, சரி. ஏன் இல்லை என்று இரண்டு பேரும் தனித்தனியே எழுதிக் கொடுங்கள். அவர் அனுப்பிய பணத்தின் வங்கி விவரம், கலியாணத்துக்கு முன்னும் பின்னும் பேசிய அழைப்புப் பதிவுகள், அவர் வந்து போன டிக்கெட் எல்லாவற்றையும் போடுங்கள். போட்டுவிட்டோமே என்று விட்டுவிடாமல், காத்திருக்கும் மாதங்களுக்கான சான்றுகளையும் அவ்வப்போது சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

விசிட்டர் விசா கேட்கலாம். 309 நிலுவையில் இருப்பதை மறைக்காமல் எழுதுங்கள். கிடைத்தால் அதில் 8503 நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இங்கே வந்தபின் வேறு விசாவுக்கு மாறும் யோசனை பெரும்பாலும் நடக்காது.

மகனுக்கு மெல்பேர்னில் முதுகலைப் படிப்பு. சி.ஓ.இ. (சேர்க்கை உறுதிச் சான்று) வந்துவிட்டது, வகுப்பு தொடங்க ஐந்து வாரம்தான் இருக்கிறது, விசா வரவில்லை. அவன் நண்பனுக்கு வேறு பல்கலைக்கழகத்தில் மூன்றே வாரத்தில் வந்தது. கூடுதலாகப் பணம் கட்டினால் விரைவாக வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். (ஒரு தந்தை, திருச்சி)

கட்டாதீர்கள் ஐயா. ஆஸ்திரேலிய மாணவர் விசாவுக்கு அவசரக் கட்டணம் என்று ஒன்று கிடையாது. 2,000 டாலர் கட்டணம் ஏற்கெனவே கொடுத்திருப்பீர்கள், மறுக்கப்பட்டாலும் அது திரும்பாது. இன்னும் எதற்கு?

நண்பனுக்கு முதலில் வந்ததற்குக் காரணம் பையன்களின் மதிப்பெண் அல்ல. ஒவ்வொரு கல்வி நிறுவனத்துக்கும் இத்தனை புதிய வெளிநாட்டு மாணவர் என்று ஒரு பங்கு வைத்திருக்கிறார்கள். அந்தப் பங்கில் 80 சதவீதத்தைத் தொடும்வரை அந்த நிறுவனத்தின் விண்ணப்பங்கள் முன்வரிசை, தொட்டபின் பின்வரிசை. 2024 டிசம்பரில் வந்த அமைச்சர் உத்தரவில் தொடங்கியது இது. 2025 நவம்பரில் மாற்றி எழுதியபோதும் அந்த 80 நீடித்தது. ஆக, பெயர் பெற்ற இடத்தில் தாமதமாகச் சேர்ந்தவன் காத்திருப்பான், சின்ன நிறுவனத்தில் முந்திச் சேர்ந்தவன் விமானம் ஏறுவான். இதைச் சேர்க்கைக்கு முன் எந்த கன்சல்டன்சியும் சொல்வதில்லை.

மகன் செய்ய வேண்டியது, பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு இன்றே எழுதுவது. எத்தனை நாள் தாமதமாகச் சேரலாம், முடியாவிட்டால் அடுத்த பருவத்துக்கு மாற்றிப் புது சி.ஓ.இ. தருவார்களா என்று கேட்கட்டும். விசா கைக்கு வராமல் டிக்கெட் எடுக்காதீர்கள். ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்கு 29,710 டாலர் காட்ட வேண்டும். திடீரென்று வந்து சேர்ந்த தொகையாக இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்ற சான்றைக் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

820 (ஆஸ்திரேலியாவுக்குள் இருந்து போடும் வாழ்க்கைத் துணை விசா) போட்டுவிட்டு, முடிவு வரும்வரை தங்கத் தரும் பிரிட்ஜிங் விசா ஏ-யில் இருக்கிறேன். தாத்தாவுக்கு முடியவில்லை, ஊருக்குப் போய் வரலாமா? (வாசகர், பெண்டில் ஹில்)

அப்படியே கிளம்பிவிடாதீர்கள். ஏ-யில் நாட்டை விட்டுப் போனால் அது அங்கேயே முடிந்துவிடும், திரும்பி வர அனுமதி இருக்காது. முதலில், போய்த் திரும்பி வர அனுமதிக்கும் பிரிட்ஜிங் விசா பி கேளுங்கள். காரணத்துக்கு மருத்துவமனைக் கடிதத்தை இணையுங்கள். பி கைக்கு வந்தபின் அதில் எழுதியிருக்கும் கடைசித் தேதிக்குள் திரும்பி வாருங்கள்.

எம்.பி. அலுவலகத்தில் சொல்லி எழுதினால் விசா சீக்கிரம் வருமா? (வாசகி, டூங்காபி)

"பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு பதில் கடிதம் சீக்கிரம் வரும்.