பெரியவர்களுக்கான ஸ்கேட்டிங் போட்டி: ஆடி முடித்ததும் வரும் இருமல், ஸ்கேட் பூட்ஸுக்குள் வலி

கேள்வி: எனக்கு 43 வயது, டொரொன்டோவில் இருக்கிறேன். மகளை ஸ்கேட்டிங் வகுப்புக்குக் கூட்டிப்போகப் போய், நானும் கற்றுக்கொள்ள ஆரம்பித்து நான்கு வருடமாகிறது. பெரியவர்களுக்கான ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டிக்கு முதல்முறையாகப் பெயர் கொடுத்திருக்கிறேன். இன்னும் ஐந்து வாரம்தான். இசைக்கு நான் ஆடும் ப்ரோகிராம் 1 நிமிடம் 40 விநாடி. கடைசி அரை நிமிடத்தில் மூச்சு முட்டுகிறது. வெளியே வந்து உட்கார்ந்த பிறகு இருமல் பிடித்துக்கொள்கிறது. பூட்டில் லேஸ் அழுத்தும் இடத்தில், கணுக்காலின் முன்பக்கம் வலியும் இருக்கிறது. வயதாகிவிட்டதுதான் காரணமா? பதற்றத்துக்குத் தோழி ஒருத்தி ப்ரொப்ரனலால் (படபடப்பைக் குறைக்கும் மாத்திரை) தருகிறேன் என்கிறாள். வலிக்கு இபுப்ரோஃபென் போடலாமா?

பதில்: வயதை விடுங்கள். ஜெர்மனியின் ஓபர்ஸ்ட்டோர்ஃபில் 2005-இல் தொடங்கிய பெரியவர்களுக்கான சர்வதேசப் போட்டியில் 28 வயதுக்குக் கீழே சேர்ப்பதில்லை. எழுபதைத் தாண்டியவர்களும் ஆடுகிறார்கள். நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த இருமல், அதுவும் அது வரும் நேரம்.

வெறுமனே மூச்சு வாங்கி, நின்ற இரண்டு மூன்று நிமிடத்தில் சரியாகிவிட்டால் அது பயிற்சி போதாமை. ஆடிக்கொண்டிருக்கும்போதே, மூச்சை உள்ளே இழுக்கையில் தொண்டையில் கீச்சென்று சத்தம் வந்து, நின்றதும் அடங்கினால் குரல்நாண் சுருங்குகிறது. அதற்கு இன்ஹேலர் பயன்படாது. உங்களுக்கு வருவது போல நின்ற பிறகு ஏறினால் கதை வேறு. 5 முதல் 15 நிமிடத்துக்குள் இருமலும் நெஞ்சிறுக்கமும் கூடி, அரை மணி, ஒரு மணி நேரத்தில் தானாக இறங்குகிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் பெரும்பாலும் மூச்சுக்குழல் சுருக்கம்தான். ரிங்கில், அதாவது ஐஸ் ஆடுகளத்தில், காற்று குளிர்ச்சி, வறட்சி இரண்டும். வேகம் கூடியதும் மூக்கை விட்டு வாயால் இழுக்கிறோம், மூச்சுக்குழலின் ஈரம் காய்கிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது. ஐஸைச் சீராக்கும் ஸாம்போனி புரொப்பேனில் ஓடினால் புகையும் சேரும். வண்டி போனதும் முதல் ஆளாக இறங்க ஆசையாகத்தான் இருக்கும், கொஞ்சம் பொறுங்கள். ரிங்கில் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல் வந்தால் அது கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம்; உடனே வெளியேறுங்கள்.

இந்த வாரமே குடும்ப மருத்துவரிடம் போய் ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை) கேளுங்கள். உடற்பயிற்சிக்கு முன்பும், பிறகு 5, 10, 15 நிமிடங்களிலும் ஊதச் சொல்வார்கள். முதல் விநாடியில் வெளிவரும் காற்றின் அளவு 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் உறுதி. பொதுவாக மூச்சுக்குழலைத் தளர்த்தும் சால்பியூட்டமால் இன்ஹேலர் எழுதித் தருவார்கள்: ஐஸில் இறங்க 15 நிமிடம் முன்பு 2 பஃப், முடிந்தால் ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழல்) வைத்து. ஊக்கமருந்து விதியில் இதற்கு இடமுண்டு. 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், எந்த 8 மணி நேரத்திலும் 600-ஐத் தாண்டக் கூடாது. ஒரு பஃப் 100 மைக்ரோகிராம் என்பதால் 2 பஃப் எங்கோ கீழே நிற்கிறது. தினமும் தேவைப்பட்டால் சால்பியூட்டமால் மட்டும் போதாது, ஸ்டீராய்டு இன்ஹேலர் பற்றிப் பேச வேண்டும். அப்படியே நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம் உண்டா, வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தெற்காசியர்களான நமக்கு இதய நோய் சீக்கிரமே வருகிறது. தேவைப்பட்டால் ஈசிஜி எடுத்துவிடலாம்.

மருந்தில்லாமல் செய்யக்கூடியது ஒன்றும் உண்டு. ரிங்குக்கு வெளியே 10, 15 நிமிடம் வார்ம்-அப், அதில் 30 விநாடி வேகமாகக் கயிறு தாண்டி ஒரு நிமிடம் நடப்பது என்று ஐந்தாறு சுற்று. பலருக்கு இதற்குப் பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் மூச்சுக்குழல் அவ்வளவாகச் சுருங்காது. இன்னொன்று, பெரிய வயதில் கற்றுக்கொள்பவர்கள் ஜம்ப்புக்குப் போகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு, இறங்கிய பிறகும் விட மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு லேண்டிங்கிலும் சத்தமாக ஊதி விடுங்கள். இசையில் எந்த இடத்தில் என்று பயிற்சியாளரோடு குறித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியில், முதல் இரண்டு வாரம் ப்ரோகிராமை இரண்டு பாதியாக ஆடுங்கள். மூன்றாவது, நான்காவது வாரம் ஒவ்வொரு முறையும் ஒரு தடவை முழுதாக. விழுந்தாலும் நிற்காமல் இசையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். 4 நிமிடம் ஓய்வு, பிறகு பின்பாதி மட்டும் இன்னொரு முறை. கடைசி அரை நிமிடத்துக்குத் தெம்பு தருவது இந்தப் பின்பாதிதான். ஐந்தாவது வாரம் நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். புது ஜம்ப் வேண்டாம், புது பூட் வேண்டவே வேண்டாம். பிளேடைத் தீட்டுவதானால் ஒரு வாரம் முன்பே. தீட்டிய மறுநாள் ஸ்பின்னில் விளிம்பு கவ்வும்.

அடுத்து அந்த வலி. பாதத்தை மேலே தூக்கும் தசைநாண் கணுக்கால் மடிப்பில் லேஸுக்கு நேர் கீழே ஓடுகிறது. பூட்டின் நாக்கு ஒரு பக்கம் விலகினாலோ அதன் பஞ்சு அமுங்கிப்போனாலோ லேஸ் நேராக அதன் மேல் அறுக்கும். கட்டும் முன் குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் உட்கார வையுங்கள். நாக்கை நடுவில் நிறுத்துங்கள். விரல் பக்கம் தளர்வாக, பாதத்தின் மேட்டிலும் மடிப்பிலும் இறுக்கமாக, மேல் கொக்கிகளில் மறுபடி தளர்வாக. முழங்காலை மடக்கும்போது பூட்டின் பின்பக்கம் ஒரு விரல் நுழைய வேண்டும். மெல்லிய சாக்ஸ் ஒரே ஒரு ஜோடி. இரண்டு தடிமனாகப் போட்டால் கால் உள்ளே வழுக்கும், வழுக்கினால் இன்னும் இறுக்குவீர்கள். வலிக்கும் இடத்தில் ஜெல் உறை போடுங்கள், ஆடி முடித்ததும் துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம். அந்த இடத்தில் விரலை வைத்துப் பாதத்தை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். நறநறவென்று தட்டுப்பட்டால் தசைநாணின் உறை வீங்கியிருக்கிறது. ஒரு வாரம் ஜம்ப்பை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

போட்டியன்று ஆட 3 மணி நேரம் முன்பு மூன்று இட்லி, கொஞ்சம் சாம்பார் போதும்; தேங்காய்ச் சட்னியைக் குறையுங்கள். உங்கள் முறைக்கு 20 நிமிடம் முன்பு பூட் கட்டினால் சரி. தாமதமானால் தளர்த்திவிடுங்கள், கட்டியபடியே முக்கால் மணி நேரம் நின்றால் பாதம் மரத்துவிடும்.

விழுந்து மணிக்கட்டில் வலித்தால், கட்டைவிரலை நீட்டியதும் அதன் அடியில் விழும் குழியை அழுத்திப் பாருங்கள். அங்கே வலித்தால், முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் கட்டுப் போட்டு 10 முதல் 14 நாளில் மறுபடி எடுக்க வேண்டும். தலை ஐஸில் பட்டுக் குழப்பம், தலைவலி, வாந்தி இருந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, உடனே மருத்துவமனை.

மாத்திரைகளுக்கு வருகிறேன். இபுப்ரோஃபென் சில ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பைக் கிளப்பும். ஸ்பைரோமெட்ரி முடியும் வரை வேண்டாம், வலிக்குப் பாராசிட்டமால் போதும். ப்ரொப்ரனலாலைத் தொடவே தொடாதீர்கள். சால்பியூட்டமால் எந்தக் கதவைத் திறந்து மூச்சுக்குழலைத் தளர்த்துகிறதோ அதையே இது பூட்டுகிறது. தோழிக்குக் கை நடுக்கம் நின்றிருக்கலாம். உங்களுக்கு அது ரிங்கின் நடுவில் இழுப்பைக் கொண்டுவரலாம், அந்த நேரத்தில் இன்ஹேலரும் சரியாக வேலை செய்யாது.