நாற்றிசைக்கும் கொடுத்த குகை

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் நண்பர்களுடன் அம்பாறை மாவட்டத்துப் பாணமைப் பக்கம் போய்க் குடும்பிகல மலை ஏறினேன். எங்கள் ஆட்கள் அதிகம் போகாத பௌத்த விகாரை. உச்சியில் நின்றால் ஒரு பக்கம் காடு, மறுபக்கம் கடல். கீழே வெறும் குகைகள்தான், பார்க்க ஒன்றுமில்லை. படத்தை முகநூலில் போட்டேன். “தையிட்டியில காணி போகுது, குருந்தூர்மலையில என்ன நடக்குதெண்டு தெரியும், உனக்கு விகாரை கேட்குதோ?” என்று சொந்த மச்சானே எழுதினான். படத்தை எடுத்துவிட்டேன். நான் போனது பிழையா? அப்பாவும் அந்த இடத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார். வயது 68, முழங்கால் நோ. கூட்டிப் போகலாமா? யாழ்ப்பாணத்துக் கந்தரோடைத் தூபிகள் தமிழ்ப் பௌத்தருடையவையா என்றும் சொல்லுங்கள்.

கோப்பாயிலிருந்து ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

அப்பாவைக் கூட்டிப் போங்கள். குகைகள் வரை ஆறுதலாக நடக்கட்டும், உச்சிப் பாறைக்கு ஏற்ற வேண்டாம். கந்தரோடைக் கதைக்குள் இன்று நான் இறங்கவில்லை.

மச்சானின் கோபம் நியாயமானது. முல்லைத்தீவில் குருந்தூர்மலையிலும் விகாரைப் பிணக்குத்தான். யாழ்ப்பாணத்துத் தையிட்டியில் ஆட்களின் காணியில் விகாரை கட்டிவிட்டார்கள், காணிக்காரர் தங்கள் காணியைக் கேட்டு நிற்கிறார்கள். அது அவர்களிடம் திரும்பிவர வேண்டும், அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் அந்தக் கோபத்துக்காக நீங்கள் படத்தை எடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. அதைவிடப் பிடிக்காதது “வெறும் குகைகள்” என்று எழுதியது.

தலையை நிமிர்த்திப் பார்த்தீர்களா? குகை வாயிலுக்கு மேலே, பாறையின் நெற்றியில், ஒரு கோடு ஓடும். அது இயற்கையாக வந்த வெடிப்பல்ல. உளியால் வெட்டிய விளிம்பு. நான் அங்கே முதலில் போனது ஒரு மார்கழியில். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் ஒரு குகைக்குள் ஒதுங்கினேன். உள்ளே பூத்தட்டுடன் ஒரு சிங்கள அம்மா இருந்தார். “எந்ந புத்தா” (வா மகனே) என்று நகர்ந்து இடம் விட்டார். பாறை முதுகில் வழிந்து வந்த தண்ணீர் முழுக்க அந்தக் கோட்டுக்கு வந்ததும் உள்ளே வர வழியில்லாமல், அங்கேயே அறுந்து, வாசலுக்கு வெளியே திரைபோல விழுந்தது. எங்கள் காலடியில் புழுதி புழுதியாகவே கிடந்தது. இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தின ஒரு கல்தச்சனின் வேலை இன்னும் இரண்டு பேரை நனையாமல் வைத்திருந்தது. இதையா தம்பி பார்க்க ஒன்றுமில்லை என்கிறீர்கள்?

அந்த விளிம்புக்குக் கீழேதான் பிராமி என்ற பழைய எழுத்தை வெட்டுவார்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டு தொடங்கி இலங்கை முழுக்க இப்படி நூற்றுக்கணக்கான குகைகள் உண்டு. யார் வெட்டிக் கொடுத்தார் என்பது அதில் இருக்கும்: ஊர்த்தலைவன், வணிகன், ஒரு வீட்டுப் பெண். பல கல்வெட்டுகளில் கொடை யாருக்கு என்பதும் இருக்கும். நான்கு திசைகளிலிருந்தும் வந்த பிக்கு சங்கத்துக்கும் இனி வரப்போகிற சங்கத்துக்கும் என்று எழுதியிருப்பார்கள். எந்த நாட்டுத் துறவி, எந்த மொழி பேசுகிறவர் என்று கொடுத்தவன் கேட்கவில்லை. இன்று வேலி போட்டுக் காவல் வைத்து விகாரை கட்டுகிறவர்கள் இந்த வரியை வாசித்திருக்க வேண்டும். பௌத்தம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற எங்கள் ஆட்களும் வாசித்திருக்க வேண்டும்.

ஏனென்றால் கொடுத்தவர்களில் எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்தில் ஒரு குகை இருக்கிறது. விசாகன் என்ற தமிழ் வணிகன், ஒரு குடும்பத்தலைவன், கொடுத்தது. தமிழன் என்று கல்லிலேயே இருக்கிறது. 1970இல் வெளிவந்த, தொல்லியலாளர் பரணவிதானவின் கல்வெட்டுத் தொகுப்பிலும் இருக்கிறது. யாரும் மறைக்கவில்லை. நாங்கள்தான் தேடிப் போகவில்லை. திருகோணமலைப் பக்கம் வெல்கம் விகாரையைப் பாருங்கள். சோழர் காலத்தில் அது இராசராசப் பெரும்பள்ளி. தமிழில் கல்வெட்டு வெட்டி விளக்கும் மாடும் கொடுத்ததை எழுதி வைத்திருக்கிறார்கள். இத்தனையையும் வைத்துக்கொண்டு “அது அவங்கட” என்று கையை உதறினால், எல்லாம் தங்களுடையது என்று சொல்கிறவனுக்கு வேலை மிச்சம். அவன் பறிக்க வேண்டியதில்லை, நாங்களே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். காணிக்காக நிற்கிற பிள்ளைகளுக்கு இந்த வரலாறு கையில் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது, அவ்வளவு காலத்தை வீணாக்கிவிட்டோம்.

எங்கள் ஆட்கள் போகாத இடம் என்பதும் முழுக்கச் சரியல்ல. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் இருந்து கதிர்காமத்துக்கு நடக்கிற சனம் பாணமை தாண்டி, இந்த மலைக்குப் பிரிகிற வழியைக் கடந்துதான் உகந்தை முருகனிடம் போய்ச் சேருகிறது. அதற்கப்புறம்தான் கூமுனைக் காடு.

அப்பாவுடன் போகும்போது ஒரு நல்ல டோர்ச் கொண்டுபோங்கள். உச்சி வெயிலில் எழுத்துத் தெரியாது. விடியலிலோ பின்னேரமோ வெளிச்சம் சரிந்து விழும்போது பாருங்கள், அல்லது டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள், வெட்டின் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். எழுத்தில் கைவைக்க வேண்டாம். படம் தெளிவாக வரட்டும் என்று சோக்கட்டியால் வெள்ளை பூசுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அந்த வேலை மட்டும் செய்துவிடாதீர்கள்.