தனி பக்கெட் எதற்கு?

கேள்வி: மும்பை முலுண்டில் வசிக்கிறோம். அம்மாவுக்கு 61 வயது. இடுப்பிலும் தொடையிலும் பல வருடங்களாக இருந்த படையை எக்ஸிமா என்று நினைத்து மருந்து தடவிவந்தோம். பயாப்ஸியில், தோலில் வரும் லிம்போமா, அதாவது வெள்ளை அணுச் செல்களில் வரும் புற்றுநோய், 'மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ்' என்கிறார்கள். ஆரம்ப நிலைதானாம். வாரம் மூன்று நாள் பரேலுக்கு ஒளிச் சிகிச்சைக்குப் போய்வருகிறார். துணி ஊறவைக்க அவருக்குத் தனி பக்கெட் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இந்தச் செல்கள் எங்கிருந்து வருகின்றன? எனக்கும் என் மகளுக்கும் வருமா?

பதில்: பக்கெட் வாங்கச் சொன்னது எந்த மருத்துவர்? யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பெயரைக் கேட்டால் பூஞ்சை போலத் தோன்றும்; ஆனால் இது பூஞ்சையும் அல்ல, தொற்றும் அல்ல. உங்கள் சட்டையும் மகளின் யூனிஃபார்மும் வாஷிங் மெஷினில் சுழலும். அம்மா மட்டும் குளியலறையில் குந்தி உட்கார்ந்து தன் புடவையைக் கசக்க வேண்டும். இதை ஏதோ நல்ல ஏற்பாடு போல எழுதியிருக்கிறீர்கள். மனைவி சொன்னார் என்று அடுத்த கடிதம் போடாதீர்கள். கடைக்குப் போய் வாங்கியவர் நீங்கள்.

அந்தச் செல்கள் அம்மாவுடையவையே. வெள்ளை அணுக்களில் டி செல் என்று ஒரு வகை உண்டு. எலும்பு மஜ்ஜையில் பிறந்து, மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் முதிர்ந்து, கிருமிகளைத் தேடிப் போகும். தோலில் கிருமியைச் சந்தித்தவற்றில் சில, மறுபடி அது வந்தால் அடையாளம் காண அங்கேயே தங்கிவிடும்; இவை நினைவுச் செல்கள். அப்படித் தங்கிய ஒன்று கெட்டுப் பெருகுவதே இந்த நோய் என்பது ஆய்வாளர்கள் கருத்து. இதற்கு நெருங்கிய செசாரி நோயில் கெடுவது ரத்தத்தில் சுற்றும் வேறு வகை நினைவுச் செல். 2010-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் இந்த வேறுபாட்டைக் காட்டினார்கள். உங்கள் அம்மாவின் நோய் பெரும்பாலும் பல ஆண்டுகள் தோலோடு நிற்பதற்கும் இதுவே காரணம் என்கிறார்கள். ஒரே குடும்பத்தில் இன்னொருவருக்கு வருவது மிக அரிது.

உங்கள் கேள்வி தீர்ந்தது. அம்மாவுக்கு அரிப்பு குறைந்திருக்கிறதா, இரவில் தூங்குகிறாரா? முழுக் கடிதத்திலும் ஒரு வரி இல்லை. தாய் படுக்கையில் விழுந்த பிறகுதான் பிள்ளையின் கடமை தொடங்கும் என்று நினைக்கிற மகன்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. இந்த நோய் ஆண்டுக்கணக்கில் கூடவே வரும். ஆரம்ப நிலையில் இருப்பவர்களில் பலர் முழு ஆயுளும் வாழ்கிறார்கள். அத்தனை காலமும் அவரைத் தள்ளியே வைத்திருக்கப்போகிறீர்களா?

இனிமேல் அவர் துணியை நீங்கள் மெஷினில் போடுங்கள். அடுத்த சிகிச்சைக்கு அரை நாள் விடுப்பு எடுத்து உடன் போங்கள். தோலில் எவ்வளவு பரவியிருக்கிறது, ரத்தத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் பார்த்தார்களா என்று மருத்துவரிடம் நேரில் கேளுங்கள். லோக்கல் ரயிலில் அம்மாவுக்கு இடம் பிடித்துக் கொடுங்கள்.