4×5 அங்குலப் பிலிம் போடும் கேமராவில் அறையின் உள்புறத்தைப் படமெடுக்க எந்த வைட் ஆங்கிள் லென்ஸ் வாங்கலாம்?

முதல் லென்ஸ் என்றால் 90 மி.மீ. குவியத் தூரம் உள்ளதை வாங்குங்கள் (இந்த எண் குறையக் குறையக் காட்சி அகலும்). காரணம், அதன் பிம்ப வட்டம்.

லென்ஸ் பிலிம்மீது விழச்செய்யும் ஒளி வட்டம்தான் பிம்ப வட்டம். 4×5 அங்குலப் பிலிமை மூட ஏறக்குறைய 153 மி.மீ. விட்டம் போதும். ஆனால் அறைக்குள் அது பற்றாது. உத்தரம் தெரியவேண்டுமென்று கேமராவை அண்ணாந்து வைத்தால் சுவர்களும் கதவு நிலைகளும் மேலே போகப்போக உள்பக்கம் சாயும். அதனால் கேமராவை மட்டமாக நிறுத்தி, லென்ஸை மட்டும் மேலே உயர்த்துவோம். சுவரில் டார்ச் அடித்து, அந்த வெளிச்சத்துக்குள் ஒரு தபால் அட்டையைப் பிடித்துப் பாருங்கள். வட்டம் பெரிதாக இருந்தால்தான் அட்டையை நகர்த்த இடமிருக்கும். இல்லாவிட்டால் மூலை இருட்டுக்குள் போய்விடும்.

எஃப் எண் என்பது லென்ஸ் துளையின் அளவு, எண் சிறிதானால் துளை பெரிது. ஷ்னைடர் நிறுவனத்தின் 90 மி.மீ. எஃப்/8 சூப்பர் ஆங்குலான் லென்ஸ், எஃப்/22-இல் 216 மி.மீ. வட்டம் தரும். பிலிமை நெடுக்காக வைத்தாலும் லென்ஸை 35 மி.மீ. வரை உயர்த்தலாம். அதே வரிசையின் 65 மி.மீ. எஃப்/5.6 தருவது 170 மி.மீ.தான், சுமார் 10 மி.மீ. உயர்த்தியதுமே மூலை கறுத்துவிடும். சின்னக் குளியலறைக்கு அது வேண்டும், எல்லா அறைக்கும் அல்ல.

மங்கலான அறையில் ஃபோகஸ் கண்ணாடியை, அதாவது கேமராவின் பின்புறம் பிம்பம் விழும் மங்கல் கண்ணாடியை, பார்ப்பது பெரும்பாடு. 90 மி.மீ.-இலேயே எஃப்/5.6 லென்ஸ் எஃப்/8-ஐவிட இரு மடங்கு வெளிச்சம் காட்டும். எடையும் விலையும் கூடினாலும் உள்புற வேலைக்கு அது தகும் என்பேன்.

ஓரத்து நாற்காலி இழுபட்டுத் தெரிவதை லென்ஸின் குறை என்று பலர் நினைக்கிறார்கள். அகன்ற காட்சியைத் தட்டையான பிலிமில் விரிப்பதால் வருவது அது, விலை கூடிய லென்ஸிலும் போகாது, நாற்காலியைச் சற்று நடுப்பக்கம் நகர்த்துங்கள்.