பாலிமர் போர்த்திய துகள்கள்: நெருக்கத்தில் என்ன நடக்கிறது?

கேள்வி: பெயிண்டுக்கான அக்ரிலிக் கூழ்மத்தில் (பாலிமர் நுண்துகள்கள் நீரில் மிதக்கும் கலவை) அம்மோனியா விட்டதும் கெட்டியாகிவிடுகிறது. திடப்பொருளின் அளவு மாறவில்லையே, ஏன்?

பதில்: துகள்கள் உப்பிவிட்டன. அவற்றின் மேலுள்ள பாலிஅக்ரிலிக் அமில இழைகள் காரம் பட்டதும் எதிர்மின்னூட்டம் பெறுகின்றன. அதை ஈடுகட்டும் அம்மோனியம் அயனிகளில் பெரும்பகுதி வெளியே போகாமல் இழைகளுக்குள்ளேயே தங்கிவிடும். அங்கே அயனிகள் நெருக்கமாக இருப்பதால் தண்ணீர் உள்ளே புகுந்து இழைகளை விறைக்க வைக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50 நானோமீட்டர் ஆரமுள்ள துகளுக்கு 10 நானோமீட்டர் போர்வை வந்தால் கன அளவு 1.7 மடங்கு. 35 சதவீதக் கூழ்மம் 60 சதவீதம் போல நடந்துகொள்ளும். கடினமான கோளங்கள் 58 சதவீதம் வாக்கிலேயே நகர வழியின்றி நின்றுவிடும். நம் துகள்களின் போர்வை மெத்தென்று இருப்பதால் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: உப்பு சேர்த்தால் இளகும் என்கிறார்கள், திரிந்துவிடும் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும் நடக்கும். எந்த உப்பு, எவ்வளவு என்பதைப் பொறுத்தது. 1 மில்லிமோலார் சாதாரண உப்பில் மின்விலக்கு எட்டும் தூரம் சுமார் 10 நானோமீட்டர், 100 மில்லிமோலாரில் 1 தான். போர்வையும் சுருங்கும். அதனால் முதலில் இளகும். அப்போதும் இழைகள் நடுவில் நிற்பதால் துகள்கள் சட்டென ஒட்டிக்கொள்வதில்லை. கால்சியம் அப்படியல்ல. ஒரு அயனியே இழைகளில் எதிர்மின்னூட்டம் ஏந்தும் கார்பாக்சில் தொகுதிகள் இரண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்துத் துகளையும் இழுத்துக் கட்டிவிடும். திரிந்த கூழ்மத்தைப் பார்த்தால் நான் முதலில் கேட்பது, கடின நீர் கலந்தீர்களா என்பதுதான்.

கேள்வி: நீர்க்க வைத்து அளந்த சீட்டா மின்னழுத்தம் (துகள்கள் ஒன்றையொன்று மின்னூட்டத்தால் எவ்வளவு விலக்கும் என்பதைக் காட்டும் அளவு) நன்றாக இருக்கிறது. 40 சதவீதத்திலும் நிலையாக இருக்குமா?

பதில்: அந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். 100 நானோமீட்டர் விட்டமுள்ள துகள்கள் 40 சதவீதத்தில் இருந்தால் இடைவெளி சுமார் 20 நானோமீட்டர். பத்து பத்தாக இரண்டு போர்வைகள் அதிலேயே முட்டிக்கொள்ளும். அப்புறம், துகள்கள் கொண்டுவந்த அயனிகளே உப்பின் வேலையைச் செய்யத் தொடங்கும். காய்ச்சி வடித்த நீரில் நீர்க்க வைத்தால் இந்தச் சூழல் முழுக்கத் தொலைந்துபோகிறது. கூழ்மத்தை மையவிலக்கியில் சுழற்றி, தெளிந்த நீரை எடுத்து அதிலேயே நீர்க்க வையுங்கள். கூடவே, நீர்க்காத கூழ்மத்தின் பாகுத்தன்மையையும் அளந்துவிடுங்கள்.

கேள்வி: ரப்பர் பாலில் ஃபார்மிக் அமிலம் விட்டால் உறைவதும் இதே கதையா?

பதில்: அடிப்படை அதுதான். ரப்பர் துகளைப் புரதமும் கொழுப்பும் போர்த்தியிருக்கும். அமிலம் அந்தப் போர்வையின் எதிர்மின்னூட்டத்தை அழித்துவிடும், துகள்கள் ஒட்டிக்கொள்ளும். பாலைக் கெடாமல் வைக்க அம்மோனியா விடுவதற்கு, கிருமிகளை அடக்குவதோடு, மின்னூட்டத்தைக் காப்பதும் ஒரு காரணம்.